ஆறு பைட் மிச்சம்

டெபிட்டுக்கும் கிரெடிட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் முழித்த என்னை பி.காம். கரையேற்றியவர் எங்கள் அக்கவுன்டன்ஸி சார். சமீபத்தில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, பழைய குரூப் போட்டோவோடு என் வெப்சைட்டில் போட்டேன். லிங்க்கை வாட்ஸப்பில் அவருக்கு அனுப்பிவிட்டுப் பெருமையோடு காத்திருந்தேன்.

ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டார்.

'தம்பி, அஞ்சு நிமிஷமாப் பார்க்கறேன். வெறும் வெள்ளையா இருக்கே. எழுதி முடிச்சிட்டு அனுப்பேன்ப்பா!'

என் வீட்டு பிராட்பேண்டில் பளிச்சென்று திறக்கிற பக்கம்! விசாரித்தேன். அன்றைய டேட்டாவைப் பேரன் சாயங்காலமே கிரிக்கெட் பார்த்துத் தீர்த்துவிட்டான். தீர்ந்தால் அவர் பிளானில் வேகம் 64 கேபிபிஎஸ். கட்டை வண்டி.

சார் கற்றுத்தந்த ஆடிட்டை அவருக்காகவே செய்தேன். கணினியில் தமிழின் ஒவ்வொரு எழுத்துக்கும், அதன் கொம்புக்கும் புள்ளிக்கும்கூட, தனித்தனியே 3 பைட். அப்படியும் என் கட்டுரை மொத்தம் 9 கேபிதான். கட்டை வண்டியிலும் ஒரு செகண்டில் போய்ச் சேர்ந்திருக்கும். போட்டோ 4 எம்பி: எட்டு நிமிஷம். ஷேர் பட்டன், பார்வையாளர் கவுன்ட்டர், படம் ஓட்டும் ஸ்லைடர் என்று ஆசைக்குச் சேர்த்த ஸ்கிரிப்ட்டுகள் 2.5 எம்பி: ஐந்து நிமிஷத்துக்கு மேல். இவை பக்கத்தின் தலையிலேயே உட்கார்ந்திருந்தன. இவை வந்திறங்கி ஓடி முடிக்கும்வரை பிரௌசர் ஓர் எழுத்தைக்கூடக் காட்டாது. வெள்ளைக்குக் காரணம் அதுதான்.

மொபைலில் மூன்று செகண்டுக்குள் பக்கம் வராவிட்டால் 53 சதவீதம் பேர் கிளம்பிவிடுகிறார்கள் என்று 2016-ல் கூகுள் சொன்னது. கிளம்புகிறவர் பாட்டுக்குக் கிளம்பட்டும். நம் மேல் பிரியம் வைத்து ஐந்து நிமிஷம் காத்திருப்பவருக்கு என்ன பதில் சொல்வது?

செலவைக் குறைத்தேன். போட்டோவின் அகலம் 4000 பிக்சல். பெரும்பாலான போன்களுக்கு 1080 தாராளம். சுருக்கி, வெப்-பி ஃபார்மட்டுக்கு மாற்றியதில் 80 கேபி ஆயிற்று. படிப்பவர் அந்த இடத்துக்கு வந்த பிறகு இறங்கினால் போதும் என்று 'லேஸி' போட்டேன். ஸ்லைடர், கவுன்ட்டர் எல்லாம் அவுட். மிச்ச ஸ்கிரிப்ட்டுக்கு 'டிஃபர்': முதலில் எழுத்து, பிறகுதான் நீ. தமிழ் ஃபான்ட் போனிலேயே இருக்கிறது. நான் அனுப்பியதை நிறுத்தினேன்.

உங்களுக்கும் ஒரு வெப்சைட் இருந்தால், வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டில் இருப்பதிலேயே பழைய போனில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

மறுநாள் பேரன் டேட்டாவைத் தீர்க்கும்வரை காத்திருந்து, சாருக்குச் சொன்னேன். கால் மணி நேரத்தில் போன்.

'வந்துருச்சுப்பா, உடனே வந்துருச்சு. போட்டோல எனக்கு எவ்வளவு முடி!' கொஞ்சம் மௌனம். 'ஆனா, ரெண்டாவது பாராவுல தேய்மானக் கணக்கைக் கிரெடிட் பண்ணியிருக்கே. இருபத்தஞ்சு வருஷமா அதே தப்பு. டெபிட்டுப்பா!'

உடனே 'கிரெடிட்'டை 'டெபிட்' ஆக்கினேன். அதில் ஆறு பைட் மிச்சம்.