பாத்ரூம் ஆசிட்டும் அக்கா மகன் பல்லும்

பழநி மலைப் பக்கம் இருக்கறவங்க பல்லுக்கு ரெண்டு பக்கமும் இடிதான். மேல கொடைக்கானலுக்கு ஏறினா கடைக்குக் கடை ஹோம்மேட் சாக்லேட். கீழ பழநிக்கு இறங்கினா பஞ்சாமிர்தம், 2019-ல புவிசார் குறியீடே வாங்கின ஐட்டம். மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய்னு சொல்லும்போதே நாக்குல ஊறுது. ஆனா பல்லிடுக்குல ஒட்டிக்கிட்டு நிக்கற சர்க்கரை, அங்க குடியிருக்கற பாக்டீரியாவுக்கும் பிரசாதம்தான். தின்னுட்டு அது சும்மா இருக்காது, ஆசிட்டை விடும். பல்லைச் சுத்தி பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழ இறங்கினா எனாமல்ல இருக்கற கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிச்சுடும். எச்சில் திருப்பிக் கொடுத்துடும்தான். ஆனா அதுக்கு நேரம் விடணுமே!

பழநியில இருக்கற அக்கா மகன் ஒன்பதாவது படிக்கறான். க்ளிப் கழட்டி ஏழெட்டு மாசமாச்சு. பல் வரிசை கட்டி நிக்குது, ஆனா க்ளிப் ஒட்டியிருந்த இடத்தைச் சுத்தி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளைத் திட்டு. ஃப்ளோரைடு தடவி ஆறு மாசம் பாத்தாங்க, கொஞ்சம் மங்குச்சு, முழுசா போகல. பையன் வாயை மூடிக்கிட்டே சிரிக்கப் பழகிட்டான். டாக்டர், ‘ஓட்டை விழல, அதனால டிரில் வேணாம், ரெசின் இறக்கிடலாம்’னு சொல்லியிருக்கார். அதுக்கு முன்னாடி என்ன வெப்பாங்கன்னு கேட்டதும் அக்கா போனைப் போட்டுட்டா.

“டேய், ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டாம்டா! பாத்ரூம் கழுவறது! ஆசிட் அரிச்ச பல்லுக்கு மறுபடி ஆசிட்டா? நீ இன்ஜினியரிங் படிச்சவன்தானே, சொல்லு.”

நான் படிச்சது கம்ப்யூட்டர்க்கான்னா எடுபடுமா? உக்காந்து படிச்சேன்.

விஷயம் இதுதான் மக்களே. அந்த வெள்ளைத் திட்டு, கறையான் அரிச்ச கதவு மாதிரி. வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும், உள்ள பொத பொதன்னு ஓட்டை. எனாமலோட மேல்தோல்ல தாதுச்சத்து நல்லாவே இருக்கு, அதுக்கு அடியிலதான் கரைஞ்சு போயிருக்கு. ரெசினை மேல ஊத்தினா உள்ள இறங்கவே இறங்காது, அந்த நல்ல தோலே தடுத்துடும். வழக்கமா பல் அடைக்கறதுக்கு முன்னாடி வெக்கற 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் போதாதான்னு, ஜெர்மனியில மேயர்-லூக்கெல், பாரிஸ், கீல்பாஸா மூணு பேரும் சோதிச்சு 2007-ல எழுதினாங்க. அது பத்தல. 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஜெல்லை 2 நிமிஷம் வெச்சாத்தான் அந்தத் தோல் ஒழுங்கா கழண்டது. 2009-ல இந்த முறை ‘ஐகான்’ங்கற பேர்ல கடைக்கே வந்துடுச்சு.

செய்யறது இப்படி: பல்லைச் சுத்தம் பண்ணி, ஈறுல ஆசிட் படாம ரப்பர் ஷீட் மாட்டி, ஜெல் 2 நிமிஷம். 30 விநாடி தண்ணி விட்டுக் கழுவி, நல்லா காய வெச்சு, எத்தனால் தடவணும். இங்கதான் எனக்குப் பிடிச்ச இடம். திட்டு வெள்ளையா தெரியறதே அந்தப் பொத்தல்ல இருக்கற காத்தும் தண்ணியும் வெளிச்சத்தைச் சிதறடிக்கறதாலதான். எனாமலோட ஒளிவிலகல் எண் 1.62, தண்ணிக்கு 1.33, காத்துக்கு 1. ரெசினுக்கு கிட்டத்தட்ட 1.5, அதாவது எனாமலுக்கு நெருங்கின சொந்தம். எத்தனால் உள்ள போனதும் திட்டு மங்கினா கதவு திறந்துடுச்சுன்னு அர்த்தம். மங்கலேன்னா மறுபடி ஜெல். அப்புறம் ரெசின் 3 நிமிஷம், லைட் அடிச்சு இறுக வெச்சு, இன்னொரு தடவை ரெசின், மறுபடி லைட். ஊசி கிடையாது, டிரில் கிடையாது.

எல்லாம் சொன்னேன். அக்கா ஒரே கேள்விதான் கேட்டா: “போன எனாமல் திரும்ப முளைக்குமா?”

“முளைக்காதுக்கா. சில பத்து மைக்ரான்தான், ஏறக்குறைய ஒரு முடி தடிமன். ஆனா போனா போனதுதான்.”

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல. இந்த மாதிரி ஆறி நிக்கற திட்டு அப்படியே இருந்தாலும் பல் போயிடாது, பாதி விஷயம் அழகுதான். அதையும் மறைக்காம சொன்னேன். அப்புறம்தான் உறைச்சது, டாக்டரைக் கேட்டாச்சு, என்னைக் கேட்டாச்சு, பல்லுக்குச் சொந்தக்காரனை யாருமே கேக்கல. போனை அவன்கிட்ட கொடுக்கச் சொன்னேன்.

“மாமா, வலிக்குமா?”

“வலிக்காதுடா. ஆனா திருப்ப முடியாது.”

“பரவால்ல மாமா. போட்டோவுல வாயைத் திறக்கணும்.”

முடிச்சாச்சு. நாலு பல்லுல மூணு சுத்தமா மறைஞ்சுடுச்சு, ஒண்ணுல ஆழமா இருந்ததால லேசா நிழல் தெரியுது. அதைப் பத்தி அவன் கவலைப்படற மாதிரி தெரியல. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, இந்த ரெசின் எக்ஸ்ரேல தெரியாது. வேற டாக்டர்கிட்ட போனா வாயைத் திறந்து சொல்லிடணும். பல் விளக்கறதுக்கும் லீவு கிடையாது.

உங்க வீட்டுல க்ளிப் போட்ட பசங்க இருந்தா, பல்லைத் துணியால ஈரம் போகத் துடைச்சு வெளிச்சத்துல பாருங்க. எச்சில் ஈரத்துல ஒளிஞ்சிருக்கற திட்டு, காய்ஞ்சாத்தான் வெளிய தலையைக் காட்டும்.

டிஸ்கி: பாத்ரூம் ஆசிட்டை எடுத்துக்கிட்டு யாரும் கண்ணாடி முன்னாடி போய் நின்னுடாதீங்க சாமி :-)