மலைத்தேன் எடுப்போரின் கானறிவு

நீலகிரியின் செங்குத்துப் பாறைகளில், திறந்தவெளியில் ஒற்றை அடையைத் தொங்கவிட்டுக் கட்டும் மலைத்தேனீக்களின் இருப்பிடங்களைத் தலைமுறைகளாக அறிந்துவைத்திருக்கும் குறும்பர் பழங்குடியினர், காட்டுக்கொடிகளால் பின்னிய ஏணியில் இறங்கி, பச்சிலைக் கட்டைப் புகையச்செய்து தேனீக்களை விலக்கிய பின்னரே அடையை அறுக்கின்றனர். மேலே ஏணியைக் காக்கும் பொறுப்பு மரபாக இறங்குபவரின் மனைவியின் உடன்பிறந்தானுக்கு, அதாவது மைத்துனனுக்கு உரியது. தன் சகோதரி கணவனை இழப்பதை எவரும் விரும்பார் என்பதால், உறவே அங்கு உயிர்க்காப்பாகிறது.

புழுக்கள் வளரும் பகுதியை விட்டுவிட்டுத் தேன் தேங்கிய பகுதியை மட்டும் எடுத்தால் தேனீக்கூட்டம் பிழைத்து, அடையைத் திரும்பக் கட்டிக்கொள்ளும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மரமல்லாத தாவரவழிக் காட்டு விளைபொருள்களான சிறு வனப்பொருள்களுள் தேனையும் சேர்த்து, அதைச் சேகரிக்கும் உரிமையை ஏற்றுள்ளது. அவ்வுரிமையோடு, அதைத் தாங்கிநிற்கும் இந்த அறிவும் உயர்கல்விக்கு நிகரான மதிப்புடன் இளையோரைச் சென்றடைவதே நீதியாகும்.