நிர்ணயம்

இரண்டு மாதமாக ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா பாடிய 'எவரனி'. தியாகராஜர் கிருதி, தேவாமிருதவர்ஷிணி ராகம். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம், சுமார் 3 நிமிஷம். இப்போது செல்போனில் கிடைக்கிறது, ஊசியின் கரகரப்போடு.

இதற்கு முன் பல வருஷங்கள் நான் கேட்டது காருகுறிச்சி அருணாசலத்தை (1921–1964). ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். ஒரு ஸ்வரத்தில் நின்று, அதை விட்டு விலகி, மறுபடி அதற்கே வந்து, பிறகு மனசில்லாமல் மேலே போகிற அந்த நாகஸ்வரத்தின் நிதானத்தில் பழகிய காது என்னுடையது. அந்தக் காதுக்குக் கிட்டப்பா அவசரக்காரராகப் பட்டார். நாடக மேடைக் குரல், வித்தை, அவ்வளவுதான் என்று ஒரு அபிப்பிராயம் வைத்திருந்தேன். வைத்திருந்ததோடு நிற்கவில்லை.

செங்கோட்டையில் என் தாய்மாமாவிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தட்டுகள் இருந்தன, பழைய வேட்டித் துணியில் சுற்றி. அவருடைய அப்பா கொட்டகையில் கிட்டப்பாவை நேரில் கேட்டவர். ஆறு வருஷத்துக்கு முன் மாமா அதையெல்லாம் எடுத்துக் காட்டியபோது என் அபிப்பிராயத்தைக் காரணங்களோடு விளக்கினேன். "நீ படிச்சவன், சரியாத்தான் இருக்கும் மருமவனே" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினார். அதற்குப் பிறகு என்னிடம் அவர் பாட்டைப் பற்றிப் பேசவில்லை. போன ஐப்பசியில் இறந்துபோனார்.

பங்குனியில் தென்காசியிலிருந்து 5 கிலோமீட்டர் நடந்து குற்றாலம் போனேன். சீசன் இல்லை, பேரருவியில் பாறைதான் தெரிந்தது. தண்ணீர் இல்லாதபோதுதான் நடுவில் இருக்கும் பொங்குமாகடல் என்ற பள்ளத்தைப் பற்றி யோசிக்கத் தோன்றுகிறது. மேலிருந்து வரும் தண்ணீர் முதலில் அதில் விழுந்து வேகம் தணிந்து, பிறகுதான் நம் தலைக்கு வருகிறது. அது இல்லாவிட்டால் கீழே ஒருவர் நிற்க முடியாது.

ஆலாபனையும் அப்படி ஒரு பள்ளம் என்று பட்டது. காருகுறிச்சியிடம் ராகம் தேங்கி நிரம்பி வழிகிறது. கிட்டப்பாவுக்குத் தட்டில் அதற்கு இடமில்லை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கு எட்டப் பழகிய குரல், 3 நிமிஷத்துக்குள் ஒரு கிருதியை முடித்தாக வேண்டும். ஆகவே ராகம் பிர்காக்களின் உள்ளேயே இருக்கிறது. நான் அலங்காரம் என்று ஒதுக்கியது அங்கே ராகத்தின் உடம்பு. ஒன்றின் அளவுகோலை இன்னொன்றின் மேல் வைத்து, குறைகிறது என்று எழுந்து வந்திருக்கிறேன்.

ரசிகமணி டி.கே.சி. (1882–1954) இதே குற்றாலத்தில்தான் கடைசிக் காலத்தைக் கழித்தார். ஒரு செய்யுளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்பவனை அதற்குள் இழுப்பது அவர் வழி. அது விமர்சனமல்ல, வெறும் ரசனை என்று நாமெல்லோரும் பேசியிருக்கிறோம். இன்றும் அது விமர்சனத்துக்கு ஈடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பத் திரும்பக் கேட்பது என்ற அந்த முதல் காரியத்தைச் செய்யாமலே இரண்டாவதற்குப் போனவன் நான்.

'எவரனி'யில் தியாகராஜர் கேட்பது, உன்னை யாரென்று நிர்ணயித்தார்கள், சிவனென்றா, மாதவனென்றா, பிரம்மாவென்றா, பரப்பிரம்மமென்றா என்பது. திருமாலாக இருந்தவரை அகஸ்தியர் சிவனாக்கினார் என்று ஸ்தலபுராணம் சொல்லும் ஊர் குற்றாலம். அதன் பக்கத்து ஊர்க்காரர் அந்தக் கேள்வியைப் பாடியிருக்கிறார். பாடியவருக்கு 27 வயதுதான் ஆயுசு, 1933இல் போய்விட்டார். அந்தத் துரிதத்தில் வித்தையை மட்டும் கேட்டவன் கேள்வியைக் கேட்கவில்லை.

டிரங்குப் பெட்டி இப்போது என் வீட்டில். சில தட்டுகளில் லேபிள் உதிர்ந்துவிட்டது. எது எவரனி என்று தெரியவில்லை. போட்டுப் பார்க்க இயந்திரமில்லை. அபிப்பிராயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று இங்கே எழுதுகிறேன். சொல்ல வேண்டிய இடம் இதுவல்ல.