எழுத்தில் கண்ட உலகும் திரையில் கண்ட உலகும்

கதையைக் காதால் கேட்டவர் ஒருவர். நூலில் படித்தவர் ஒருவர். திரையில் பார்த்தவர் மற்றொருவர். கதை ஒன்றேயாயினும் மூவரும் பெற்ற இன்பம் ஒன்றன்று. ஒரு நூலை நெஞ்சாரப் படித்தவர், அது திரைப்படமாக வரப்போகிறது என்று கேட்டதும் மகிழ்கிறார். மகிழ்ந்த மறுகணமே அஞ்சுகிறார். தாம் பெற்ற இன்பத்தைப் பிறரும் பெறுவர் என்பதால் மகிழ்ச்சி. தம் உள்ளத்தில் வாழும் உருவங்களை எவரேனும் கலைத்துவிடுவரோ என்பதால் அச்சம். இவ்வச்சம், எங்கும் இல்லாத ஓர் உலகைச் சொல்லாலேயே கட்டி எழுப்பும் மிகுபுனைவுப் புதினங்களைப் பொறுத்தவரையில் மிகுதி. தெருவும் வீடும் எல்லாரும் அறிந்தவை. பேசும் மரமும் பறக்கும் நாகமும் அவ்வாறல்ல. அவற்றுக்கு உருவம் கொடுப்பவர் படிப்பவரே.

இவ்வகைப் புதினங்களுள் உலகப் புகழ் பெற்றது, ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் அது மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஆசிரியர் பழைய ஆங்கிலத்தைப் பயிற்றுவித்த மொழியறிஞர்; தம் கதைமாந்தர் பேசுவதற்கென மொழிகளையே ஆக்கியவர். கொடியவன் ஒருவன் தன் ஆற்றலைப் பெய்துவைத்த மோதிரத்தை அழிப்பதற்காக, உருவில் சிறிய ஹாபிட் இனத்தைச் சேர்ந்த ஃபிராடோ மேற்கொள்ளும் நெடும்பயணமே கதை.

முதுகலை பயின்ற நாளில், அகராதியை அருகில் வைத்துக்கொண்டு, இரண்டு மாதங்களில் இந்நூலை நான் படித்து முடித்தேன். ஹாபிட்டுகள் வாழும் ஷயர் என்னும் பசுமை நிலம், என் நெஞ்சில் தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடைப்பட்ட வயல்வெளியாக விரிந்தது. கேண்டால்ஃப் என்னும் முதியவருக்கு என் பாட்டனாரின் நடை வாய்த்தது. நூலாசிரியர் குற்றாலச் சாரலில் நனைந்தவரல்லர். நானோ இங்கிலாந்தைக் கண்டவனல்லன். எங்கள் இருவரையும் இணைத்தது சொல் ஒன்றே.

சொல்லின் இவ்வாற்றலை டோல்கீன் நன்கு அறிந்திருந்தார். தேவதைக் கதைகளைப் பற்றி 1939 இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவு, 1947 இல் விரிந்த கட்டுரையாக அச்சேறியது. ஓவியமும் நாடகமும் ஒரு பொருளுக்கு ஒரே உருவத்தைக் கட்டாயமாக்குகின்றன. இலக்கியமோ ஓர் உள்ளத்திலிருந்து மற்றோர் உள்ளத்திற்குச் செல்கிறது என்பது அவர் கருத்து. 'மரம்' என்று எழுத்தாளர் எழுதினால் படிப்பவர் ஒவ்வொருவரும் தாம் அறிந்த மரத்தைக் காண்கின்றனர். ஓவியர் வரைந்தாலோ அனைவரும் அவர் வரைந்த மரத்தையே காண்கின்றனர். திரைப்படமாகும் எந்த மிகுபுனைவும் எதிர்கொள்ள வேண்டிய முதல் தடை இதுவே.

ஆயினும் திரைப்படத்தை அவர் அடியோடு வெறுத்தார் எனல் பொருந்தாது. 1958 ஆம் ஆண்டில் அவரிடம் ஒரு திரைக்கதைச் சுருக்கம் அனுப்பப்பட்டது. அதனை வரிவரியாகப் படித்து, நீண்ட மடல் ஒன்றில் குறைகளை அடுக்கினார். அம்மடலில் வியக்கத்தக்க கருத்து ஒன்று உண்டு. மரமனிதர்களாகிய எண்ட்டுகளின் நிகழ்ச்சியையும் கோட்டைப் போரையும் போதிய அளவில் காட்ட இடமில்லையெனில், இரண்டையும் நெருக்கித் திணிக்க வேண்டா; ஒன்றை முற்றும் விட்டுவிடலாம்; விடத்தக்கது போரே என்றார். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 2002 இல் வெளியான இரண்டாம் படத்தின் மாபெரும் உச்சக்காட்சியாக அமைந்தது அதே கோட்டைப் போர்தான்!

நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் ஜாக்சன் உருவாக்கிய அம்மூன்று படங்களும் 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளின் திசம்பர்த் திங்களில் வெளிவந்தன. மூன்றாம் படம் 11 ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. டோல்கீன் நூல்களுக்கு நெடுங்காலம் ஓவியம் தீட்டிய ஆலன் லீ, ஜான் ஹோவ் ஆகிய இருவரையும் இயக்குநர் துணைக்கு அழைத்துக்கொண்டார். நூலை நேசித்தோருள் மிகப் பலர் மனநிறைவோடு திரையரங்கை விட்டு வந்தனர். அந்நிறைவின் ஊடே முணுமுணுப்பும் இருந்தது. எதற்கு நிறைவு, எதற்கு முணுமுணுப்பு என்று ஆராயப் புகுந்தபோது, நமக்குப் பழக்கமான நன்னூலே எனக்குக் கைகொடுத்தது.

நிலைமொழியும் வருமொழியும் மாற்றமின்றிச் சேர்ந்தால் இயல்புப் புணர்ச்சி. மாற்றம் நேர்ந்தால் விகாரப் புணர்ச்சி. விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். நூலை நிலைமொழியாகவும் திரையை வருமொழியாகவும் கொண்டு பாருங்கள். இவ்விரண்டும் ஒருகாலும் இயல்பாகப் புணர்வதில்லை. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கதையைச் சில மணி நேரத்தில் அடக்கும்போது மூவகை விகாரமும் நிகழ்ந்தே தீரும். வாசகர் எந்த விகாரத்தைப் பொறுக்கின்றார், எதனைப் பொறுப்பதில்லை என்பதே வினா.

முதலில் கெடுதல். காட்டில் பாடித் திரியும் டாம் பாம்படில் என்னும் விந்தை மனிதர் நூலில் உண்டு, படத்தில் இல்லை. பலரும் வருந்தினர், பின்னர் மன்னித்தனர். அவரின்றியும் கதையின் நோக்கம் பழுதுபடவில்லை. நூலின் இறுதியில் வரும் மற்றொரு பகுதியோ அத்தகையதன்று. வெற்றி பெற்று ஊர் திரும்பும் ஹாபிட்டுகள், தம் ஊரே பாழ்பட்டுக் கிடப்பதைக் காண்கின்றனர், மரங்கள் வெட்டப்பட்டுள்ளன, கயவர் ஆட்சி நடக்கிறது, ஊரை அவர்களே மீட்க வேண்டியதாகிறது. இப்பகுதி தொடக்கம் முதலே தம் திட்டத்தில் இருந்தது என்று ஆசிரியர் முன்னுரையில் எழுதியுள்ளார். படத்தில் ஊர் அப்படியே அழகாக இருக்கிறது. போர் எங்கோ நடந்து எங்கோ முடிவதன்று, நம் வீட்டு முற்றத்துக்கும் வரும் என்ற பாடம் அங்கே கெட்டது. எத்தனை பக்கங்கள் விடுபட்டன என்பதைவிட, எந்தப் பொருள் விடுபட்டது என்பதே பெரிது.

அடுத்தது தோன்றல். போரோமிர் என்னும் வீரனின் இறுதிப் போரை நூல் நேரில் காட்டவில்லை. அம்புகள் தைத்துக் கிடக்கும் அவனைத் தோழன் வந்து காண்பதாகவே சொல்கிறது. படம் அப்போரைக் கண்முன் நிறுத்தியது. மோதிரத்தின் மீது ஆசை கொண்டவன், அவ்வாசைக்கு உயிரால் கழுவாய் தேடுவதைக் கண்டு வாசகர் கண் கலங்கினர். நூலில் மறைந்திருந்த பொருளை இத்தோன்றல் வெளிக்கொணர்ந்தது. மாறாக, 1937 இல் சிறுவர்க்கென வந்த 'தி ஹாபிட்' என்னும் ஒரே சிறு நூல், 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக, ஏறத்தாழ 8 மணி நேரத்திற்கு நீட்டப்பட்டது. நூலில் இல்லாத டாரியல் என்னும் மறத்தியும் அவளுக்கொரு காதலும் வந்து சேர்ந்தன. குழந்தைக்குச் சொன்ன கதையின் எளிமை அச்சுமையைத் தாங்கவில்லை. முந்தைய படங்களைப் போற்றிய வாசகருள் பலர் இங்கே முகம் சுளித்தனர்.

மூன்றாவது திரிதல். இதுவே பொறுத்தற்கரியது. நூலில் ஃபாரமிர் என்பவன், மோதிரம் தன் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் அதனை விரும்பாதவன். 'ஆற்றல் இருந்தும் அதனை நாடாத மனிதன் உண்டா?' என்று ஏங்கும் வாசகர்க்கு ஆசிரியர் அளித்த விடை அவன். படத்திலோ அவன் ஃபிராடோவைச் சிறைப்படுத்தி, மோதிரத்தைத் தந்தைக்குக் காணிக்கையாக அனுப்பக் கருதி, பாழடைந்த நகரம் வரை இழுத்துச் செல்கிறான். பிறகே மனம் மாறி விடுவிக்கிறான். மோதிரம் எல்லாரையும் மயக்கும் என்று காட்டிவிட்டு, ஒருவனை மட்டும் மயக்காது என்றால் அதன் வலிமை குன்றிவிடும் என்பது படைத்தோர் கூறிய விளக்கம். திரைக்கலை நோக்கில் அது நேர்மையான விளக்கமே. எனினும் நெடிய இருளில் ஏற்றி வைத்த ஒரு விளக்கு அங்கே மங்கிற்று. காட்சி குறைந்ததற்கு வருந்தாத நான், இப்பண்பு குறைந்ததற்கு இன்றும் வருந்துகிறேன்.

திரிதல் எத்துணை ஆழமாகப் புண்படுத்தும் என்பதற்கு மற்றொரு சான்று, அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1968 இல் வெளியிட்ட 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ'. அதன் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன்; அவன் நண்பன் கரியவன்; அவ்வுலக மாந்தருள் வெண்ணிறத்தவர் சிறுபான்மையினர். மிகுபுனைவின் வீரர்கள் எல்லாரும் வெள்ளையராகவே இருக்க வேண்டுமா என்று எண்ணி, அவர் அறிந்தே செய்த தேர்வு அது. 2004 இல் வந்த தொலைக்காட்சிப் படத்தில் கெட் வெள்ளையன் ஆனான். ஆசிரியர் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். தம் நிறத்தையொத்த நாயகனை முதன்முதலாக ஒரு நூலில் கண்டு நெஞ்சு நிமிர்ந்த சிறார்க்கு, திரை அவனை மறுபடி பறித்துக்கொண்டது. நிறம் வெறும் ஒப்பனைதானே என்பார் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இனி, நூலன்பர் படத்தையே வெறுக்க வேண்டுமா? டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர், தந்தையின் எழுத்துப்படிகளைப் பதிப்பிப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். 2012 இல் பிரெஞ்சு நாளிதழ் ஒன்றுக்கு அளித்த நேர்காணலில், நூலின் உள்ளீட்டை அகற்றி அதனை இளைஞர்க்கான சண்டைப் படமாக்கிவிட்டனர் என்று அவர் மனம் நொந்தார். அவர் துயரம் மதிக்கத்தக்கது. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு அந்நூலைத் தேடி நூலகத்திற்கு வந்த மாணவர்களை நான் அறிவேன். படம் இல்லையெனில் அவர்கள் அத்தடித்த நூலைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். படம் ஓர் உரை போன்றது. நல்ல உரை மூலத்திற்கு வழி காட்டும். மூலத்தின் இருக்கையில் தான் அமராது. ஒரு குறளுக்குப் பதின்மர் உரை கண்ட மரபில் வந்த நமக்கு, உரையாசிரியரோடு மாறுபடுவதும் அவரைப் போற்றுவதும் ஒருங்கே இயலும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி அமைகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வகுப்பு மாணவர்க்கு ஷயர் பற்றிய ஒரு பக்க வருணனையை மொழிபெயர்த்துக் கொடுத்து, 'இவ்வூர் உங்கள் கண்ணுக்கு எவ்வாறு தெரிகிறது? எழுதுங்கள்' என்றேன். படம் பார்த்திராதவர் எழுதியவற்றில் வைகைக் கரை இருந்தது; தேயிலைத் தோட்டம் இருந்தது; ஒருவர் எழுத்தில் ஏரிக்கரைப் பனைமரங்களும் நின்றன. படம் பார்த்தவர் அனைவரும் ஒரே ஊரை எழுதினர்: வட்டக் கதவு, புல் மூடிய மேடு. அது நியூசிலாந்தில் மாட்டாமாட்டா என்னும் ஊரையடுத்த ஆட்டுப் பண்ணையில் அமைக்கப்பட்ட அரங்கம். அழகிய ஊர்தான், ஆனால் அவர்கள் கட்டிய ஊரன்று.

மாணவச் செல்வங்களே! படம் பார்க்க வேண்டா என்று நான் சொல்லவில்லை. ஒரு நூல் படமாக வருகிறது என்று கேள்விப்பட்டால், படத்திற்கு முன் நூலின் முதல் ஐம்பது பக்கங்களையேனும் படித்துவிடுங்கள். அதற்குள் உங்கள் ஊர் எழும்பிவிடும். உங்கள் மனிதர்கள் நடமாடத் தொடங்குவர். அதன்பின் திரையரங்கிற்குச் செல்லுங்கள். இயக்குநர் கட்டிய ஊரை ஒரு விருந்தினராகக் கண்டு மகிழலாம். குறை காணின் காரணம் காட்டி மறுக்கவும் செய்யலாம். தனக்கென ஓர் ஊர் உள்ளவரே பிறர் ஊரின் அழகை அளந்தறிய வல்லவர்.