கொஞ்சம் இடம்

சத்தம் கூடினால்தான் பாட்டு என்பது என் மருமகனின் அபிப்பிராயம். "ஜீவா பிறந்த ஊர் மாமா, மெதுவாச் சொன்னா ஆருக்குக் கேக்கும்?" என்பான். 1907-இல் ஜீவானந்தம் பூதப்பாண்டியில் பிறந்தது வாஸ்தவம். அதற்கு மேல் வாதாட எனக்குச் சாமர்த்தியம் போதாது.

அத்தான் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுப் பாடியவர். கடைசி வருஷம் இரைப்பு நோய் அவரைப் படுக்கையில் தள்ளிற்று. அதற்கு முன்பே பையன் பத்தாயம் கிடந்த அறையில், ஜன்னலுக்குப் போர்வை கட்டி, குரல், வில், குடம், உடுக்கு என்று தனித்தனியாகப் பதிவு செய்திருந்தான். அவர் காலமான பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, மாஸ்டரிங் செய்ய சென்னைக்கு அனுப்பினான். மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டது.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் ஒலிக்குப் பூஜ்யம் டெசிபல் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. பையன் லிமிட்டரைப் போட்டு மொத்தப் பாட்டையும் அதில் முட்ட வைத்திருந்தான். அப்படி நசுங்கியதை யாராலும் நிமிர்த்த முடியாது. லிமிட்டரை எடுத்துவிட்டு, மிகப் பெரிய அடியும் வரம்புக்கு 6 டெசிபல் கீழே நிற்கும்படி வைத்து, எம்.பி.3 ஆக்காமல் 24 பிட் வேவ் கோப்பாக அனுப்பச் சொல்லியிருந்தார்கள். முன்னும் பின்னும் இரண்டு மூன்று விநாடி மௌனம் வேண்டுமாம்.

"சத்தமில்லாம அனுப்பினா அப்பாவை எளப்பமா நெனைப்பாங்களே மாமா" என்றான். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டையும் போடு மக்களே, கேப்போம்" என்றேன்.

புதியது மெலிந்துதான் கேட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, பழையதின் சத்தத்தைக் குறைத்து இரண்டையும் சமமாக வைத்தான். அப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. பழையதில் குடத்தின் அடி ஈரத்துணி விழுந்த மாதிரி இருந்தது. அடிக்கு முன் அத்தான் இழுக்கும் மூச்சு, பாட்டுக்குச் சமமாக இரைந்தது. சிறியதையெல்லாம் பெரியதோடு சமமாக்கினால் மூச்சும் குரலாகிவிடும் போலும். புதியதில் மூச்சு மூச்சாகவே இருந்தது. குரல் அதற்கு மேல் எழுந்து நின்றது.

பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "மாமா, அது ஆஸ்பத்திரி அப்பா. இதுதான் கொடைக்குப் பாடின அப்பா."

பத்திரிகைக்குக் கதை அனுப்பும்போது ஒவ்வொரு வரியையும் உரக்கச் சொல்லிப் பழகிய எனக்கும் அது சுருக்கென்றது.

அன்று ராத்திரியே அனுப்பிவிட்டான். கோப்புக்கு முன்பு 'இறுதி', 'மிக இறுதி' என்றெல்லாம் பெயர் வைத்திருந்தான். இப்போது அப்பாவின் பெயரும் தேதியும் மட்டுமே இருந்தன.