மாட்டுக்கொட்டகைப் பள்ளிக்கூடம்

எண்பதுகளின் பெருங்களத்தூரில் வயலும் வேலிக்காத்தானும் போக மிச்சம்தான் வீடு. ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் ஷிப்ட் விட்டால் ஜி.எஸ்.டி. ரோட்டில் சைக்கிள்கள் மொய்க்கும். ரயில்வே கேட் மூடியிருந்தால் அத்தனையும் அங்கேயே தேங்கி நிற்கும். இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, வாடகை மலிவென்று கேட்டுக்கு அந்தப்பக்கம் சில யாழ்ப்பாணக் குடும்பங்கள் குடிவந்தன.

அதில் ஒருவர் தெல்லிப்பழை டீச்சர். வந்த கொஞ்ச நாளிலேயே வீட்டுக்காரரிடம் கேட்டு, காலியாகக் கிடந்த மாட்டுக்கொட்டகையைச் சாணி மெழுகிப் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டார். அவர் குடியிருந்த வீட்டுக்கோ ஒழுங்கான தாழ்ப்பாள்கூட இல்லை. “முதல்ல வீட்டப் பாருங்களேன்க்கா” என்றாள் அம்மா. “வீடு பிந்தினாலும் பரவாயில்லைப் பிள்ளை, படிப்புப் பிந்தக் கூடாது” என்றார். பழைய கதவொன்றில் அடுப்புக்கரியையும் ஊமத்தை இலைச் சாற்றையும் குழைத்துப் பூச, அது கரும்பலகை ஆனது. வருகை குறிக்க ஒரு நாற்பது பக்க நோட்டு. அவருக்கு அது இடாப்பு. கணக்குக்காக எங்கள் தெருப் பிள்ளைகளும் அங்கேதான் போனோம். அடியும் பலமாகத்தான் விழும்.

நம் ஊரில் பள்ளிக்கூடம் கட்டுவதென்றால் அடிக்கல், கல்வெட்டு, மந்திரி தேதி என்று இழுக்கும். அவருக்கு நிழலும் இடாப்பும் போதும். ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும், இங்கிருந்த அகதி முகாம்களில் படிப்பைத்தான் முன்னால் வைத்தது. முகாமில் படித்தவர்களே முகாம் பிள்ளைகளுக்கு வாத்தியார். ராஜீவ் கொலைக்குப் பிறகு அகதிப் பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைக்கே கெடுபிடி வந்ததை மட்டும் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. குண்டுக்குத் தப்பி வந்த படிப்பு இங்கே காகிதத்தில் மாட்டிக்கொண்டது.

டீச்சர் 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை நம்பி ஊர் திரும்பினார். 1990-இல் சண்டை மறுபடி மூண்டு தெல்லிப்பழையே இடம்பெயர்ந்தது. பாவலர் துரையப்பாபிள்ளை அங்கே 1910-இல் தொடங்கிய மகாஜனக் கல்லூரி, கட்டடத்தை விட்டுவிட்டு, பெயரையும் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு வேற்றிடத்தில் நடந்ததாம். பின்னால் இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. கொட்டகையில் பார்த்ததுதானே.

ஊர் போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். வீடு என்ன கதி என்று ஒரு வரி. மிச்சமெல்லாம் பத்தாவதில் யார் யார் பாஸ், கணக்கில் எத்தனை மார்க் என்ற விசாரணை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பேர் போட்டுப் பதில் எழுதிய அம்மா, என் மார்க்கை மட்டும் விட்டுவிட்டாள்.