எட்டாம் வகுப்பு

மொன்றியலின் கிழக்குப் பக்கத்தில், நோத்ர்-டாம் வீதியால் போகும்போது ஒரு கைப்பக்கம் மாடி வீடுகளும் மறு கைப்பக்கம் துறைமுகமும் வரும். ரயில் பாதை, கம்பி வேலி, அதற்கப்பால் அடுக்கடுக்காகக் கொள்கலன்கள், பாரந்தூக்கிகள், பிறகுதான் சென் லோறன்ஸ் ஆறு. அட்லாண்டிக் கடலிலிருந்து 1,600 கிலோமீற்றர் உள்ளே இருக்கும் துறைமுகம் இது. கடலையே காணாத நகரம், ஆனால் உலகத்துச் சரக்கெல்லாம் வாசலுக்கு வருகிறது.

அந்த வீதியில் எனக்கு முன்னால் போகும் லொறிகளின் பின்புறத்தை வாசிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. சில லொறிகளில் வைர வடிவில் ஓர் அட்டை இருக்கும். மேல் பாதி வெள்ளை, கீழ்ப் பாதி கறுப்பு. வெள்ளைப் பகுதியில் இரண்டு சோதனைக் குழாய்கள் சாய்ந்திருக்கும். ஒன்றிலிருந்து விழும் துளி ஓர் உலோகக் கட்டியைத் தின்கிறது. மற்றதிலிருந்து விழும் துளி ஒரு கையைத் தின்கிறது. அடியில் 8 என்ற எண். ஐக்கிய நாடுகளின் வகைப்பாட்டில் அரிக்கும் பொருட்கள் எட்டாம் வகுப்பு. சல்பூரிக் அமிலம், ஐதரோகுளோரிக் அமிலம், நைத்திரிக் அமிலம், கோஸ்ரிக் சோடா எல்லாம் இந்த வகுப்புப் பிள்ளைகள்தான்.

இந்த அட்டைகள் மீது எனக்கு வந்த அக்கறை தொழிலால் வந்தது. சரக்கு அனுப்புகிறவர்கள் பயன்படுத்தும் மென்பொருள்களில் சில ஆண்டுகள் வேலை செய்தேன். ஆபத்தான சரக்கு என்பது அங்கே திரையில் ஐந்தாறு கட்டங்கள்: நான்கு இலக்க ஐ.நா. எண், முறையான பெயர், வகுப்பு, பொதியற் பிரிவு, அளவு, அவசரத் தொலைபேசி எண். ஒரு கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. "இதைக் கொஞ்சம் இலகுவாக்கித் தர முடியாதா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. அந்தக் கட்டங்கள் எதற்காக இருக்கின்றன என்பதை எனக்கு முழுமையாக விளங்கவைத்தது இந்தத் துறைமுகம் அல்ல, கொழும்பு.

*

2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலை நாங்கள் எல்லோரும் தொலைபேசியில் பார்த்தோம். இறந்த ஆமைகள், கடற்கரையில் பனிபோல் குவிந்த பிளாஸ்ரிக் மணிகள், கடலுக்குப் போக முடியாத நீர்கொழும்பு மீனவர்கள். அந்தப் படங்களில் தெரியாதது, இதெல்லாம் ஓர் அமிலக் கசிவோடு தொடங்கிய கதை என்பது.

கப்பல் புத்தம் புதியது. அந்த ஆண்டுதான் ஓடத் தொடங்கியது. 1,486 கொள்கலன்கள். அவற்றுள் 81 ஆபத்தான சரக்கு. அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம். மே 11ஆம் திகதியே அமிலக் கொள்கலன் ஒன்று கசிவது தெரிந்துவிட்டது. கட்டாரின் ஹமாட் துறைமுகத்தில் அதை இறக்கக் கேட்டார்கள், முடியாது என்றார்கள். குஜராத்தின் ஹசிரா துறைமுகத்தில் கேட்டார்கள், அங்கும் முடியாது. கசியும் அமிலத்தைக் கையாளும் வசதியோ நிபுணர்களோ உடனே இல்லை என்பதுதான் தங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் என்று கப்பல் நிறுவனம் பின்னர் கூறியது. கப்பல் கசிவோடு கொழும்புக்கு வந்தது. மே 20இல் தீ. 25இல் வெடிப்பு. ஜூன் 2இல் பின்புறம் கடலடியைத் தொட்டது. 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது.

நைத்திரிக் அமிலம் அரிக்க மட்டும் செய்யாது. அது தீக்கு ஒட்சிசன் கொடுக்கும் பொருளும்கூட. சாதாரண இரும்பைத் தின்னும். தின்னும்போது கபில நிறப் புகை எழும். மரம், காகிதம், துணி மீது செறிந்த அமிலம் பட்டால் அவை தாமே பற்றிக்கொள்ளலாம். கொள்கலனின் சுவர்கள் உருக்கு. தரை பெரும்பாலும் ஒட்டுப்பலகை. இந்த இரண்டையும் அறிந்தவருக்கு, ஒன்பது நாள் கசிவு என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. சிந்திய நைத்திரிக் அமிலத்தின் மேல் மரத்தூள் போடக்கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. மணல் போடலாம், மரத்தூள் கூடாது.

கபிலப் புகைக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. சுவாசித்தவர் சற்று இருமுவார், பிறகு சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போவார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். ஆகவே அந்தப் புகையைச் சுவாசித்தவர் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

*

எக்ஸ்-பிரஸ் பேர்ளில் அமிலத்தின் பெயர் தாளில் இருந்தது. அந்தப் பெயரை வைத்து உடனே செயற்படக்கூடிய ஒரு துறைமுகம்தான் அந்த ஒன்பது நாளில் கிடைக்கவில்லை. கனடாவில் இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறோம். 2013 ஜூலை 6இல் லாக்-மெகான்ரிக்கில் தடம்புரண்ட எண்ணெய் ரயில் மொன்றியல் வழியாகத்தான் போனது. 47 பேர் இறந்தார்கள். அந்த எண்ணெய் இருந்ததைவிட ஆபத்துக் குறைந்த பொதியற் பிரிவில் பதிவு செய்யப்பட்டிருந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. என் திரையில் ஒரு சிறு கட்டமாக இருந்ததே, அதே பொதியற் பிரிவுதான்.

மூன்றாவது, எங்கள் துறைமுகத்திலேயே நடந்தது. 2024 செப்டெம்பர் 23, திங்கட்கிழமை. ஏறக்குறைய 15,000 கிலோ லித்தியம் மின்கலங்கள் இருந்த ஒரு கொள்கலன் தீப்பற்றியது. அருகில் இருந்த நூறு பேரளவில் வெளியேற்றினார்கள். சுற்றியுள்ளவர்களை யன்னலைப் பூட்டி, காற்றோட்டக் கருவிகளை நிறுத்தி, உள்ளேயே இருக்கச் சொன்னார்கள். லித்தியம் மின்கலம் எட்டாம் வகுப்பு அல்ல, ஒன்பதாம் வகுப்பு. ஆனால் அதற்குள் இருக்கும் புளோரின் உப்பு எரியும்போதும் நீரோடு சேரும்போதும் ஐதரசன் புளோரைட்டைத் தரக்கூடியது. அது எட்டாம் வகுப்பின் மிகக் கொடிய பிள்ளைகளில் ஒன்று. அட்டையில் இருக்கும் எண் பெட்டிக்குள் இருப்பதைச் சொல்கிறது. எரியும்போது என்ன ஆகும் என்பதைத் தெரிந்த ஒருவர்தான் சொல்லவேண்டும்.

கனடாவில் அப்படிச் சொல்ல ஒரு இடம் உண்டு. ஒட்டாவாவில் போக்குவரத்து அமைச்சின் கீழ் 1979 முதல் இயங்கும் கனுரெக். இரவு பகலாக இரசாயனம் படித்தவர்கள் தொலைபேசி எடுக்கிறார்கள். கைத்தொலைபேசியில் நட்சத்திரக் குறியும் 666உம் அழுத்தினால் போதும். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பதில் வரும். தீயணைப்பு வண்டிகளில் இருக்கும் அவசர வழிகாட்டி நூலைத் தயாரிப்பவர்களிலும் அவர்கள் உண்டு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் நூல். மஞ்சள் பக்கத்தில் 2031 என்ற எண்ணைத் தேடினால் நைத்திரிக் அமிலம். அது 157ஆம் வழிகாட்டிக்கு அனுப்பும். திரவம் சிந்தியிருந்தால் எல்லாப் பக்கமும் குறைந்தது 50 மீற்றர் விலகச் சொல்லும். என்ன பொருள் என்றே தெரியாவிட்டால் 111ஆம் வழிகாட்டி, 100 மீற்றர். பெயர் தெரியாததற்கு அபராதம் இன்னொரு 50 மீற்றர்.

*

இந்த ஏற்பாடெல்லாம் துறைமுகத்தின் வேலிக்குள்ளும் லொறியிலும் நன்றாக வேலை செய்கிறது. லொறியிலிருந்து இறங்கி, சிறு வாளிகளாகவும் போத்தல்களாகவும் பிரிந்து, உலோக முலாம் பூசும் பட்டறைக்கும் உணவகத்தின் பின்கட்டுக்கும் போகும்போதுதான் எங்கள் ஆட்கள் வருகிறார்கள்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மொன்றியலுக்கு வந்த தமிழர்களில் பெரும் பகுதியினர் கோப்பை கழுவினார்கள், நிலம் துடைத்தார்கள், தொழிற்சாலைகளில் நின்றார்கள். ஊர்ச் சங்க ஒன்றுகூடல் ஒன்றில் ஓர் அண்ணை தன் முன்கையில் இருந்த தழும்பைக் காட்டினார். வந்த புதிதில் ஒரு சமையற்கட்டில் எண்ணெய்ப் படிவு அகற்றும் திரவம் கொட்டுண்டதாம்.

"தம்பி, அது சுடவேயில்லை. சவுக்காரம் மாதிரி வழுக்கிச்சுது. துணியாலை துடைச்சுப்போட்டு வேலையைப் பாத்தன். இரவுதான் தெரிஞ்சுது."

"போத்தலிலை என்ன எழுதியிருந்தது அண்ணை?"

"என்னவோ எழுதியிருந்தது. எனக்கு அப்ப பொன்ஷூர் மட்டுந்தான் தெரியும்."

அவர் சொன்ன வழுவழுப்பு உண்மையிலேயே சவுக்காரந்தான். கோஸ்ரிக் சோடா தோலிலுள்ள கொழுப்பைச் சவுக்காரமாக மாற்றிக்கொண்டே உள்ளே இறங்கும். அமிலம் பட்டால் உடனே எரிந்து எச்சரிக்கும். காரம் பல வேளைகளில் அந்த உதவியையும் செய்யாது. கண்ணில் பட்டால் அமிலத்தைவிடக் காரம் ஆழமாகப் போகும். வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் பட்ட கதை தெரிந்த எந்தப் பாட்டிக்கும் இது புதிதல்ல.

கோஸ்ரிக் சோடாவும் எங்களுக்குப் புதிதல்ல. 1950களில் தொடங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரீனும் செய்தது. போர் அதை நிறுத்தியது. அதற்கும் முன்னால், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1875இல் 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூலைத் தமிழில் கொண்டுவந்தார். வைத்தியனாகப் போகிறவன் தன் மொழியில் படித்தால்தான் தன் ஊரவனுக்குச் சொல்லமுடியும் என்பது அவருடைய எண்ணம். திராவகம் என்ற சொல் தட்டார் பட்டறையிலும் சித்த வைத்தியர் வீட்டிலும் புழங்கிய சொல். சொல் இல்லாத மொழி அல்ல எங்களுடையது.

கனடாவின் சட்டப்படி வேலைத்தலத்து இரசாயனத்தின் விபரச்சீட்டும் பாதுகாப்புத் தாளும் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் இருக்கவேண்டும். அதற்கு மேல் எத்தனை மொழியில் போடுவது என்று கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் தொழிலாளிக்கு விளங்கும்படி பயிற்றுவிக்கும் கடமை முதலாளிக்கு உண்டு. தாளில் கையெழுத்து வாங்கினால் பயிற்சி முடிந்தது என்று நினைப்பவர்கள், கட்டத்தை நிரப்பினால் சரக்குப் பாதுகாப்பாகிவிட்டது என்று நினைப்பவர்களின் சொந்தக்காரர்கள்.

*

ஊர்ச் சங்கங்கள் ஆண்டுமலர் அடிக்கின்றன. பழைய மாணவர் சங்கங்கள் நாட்காட்டி அடிக்கின்றன. அவற்றில் ஒரு பக்கம் கேட்கிறேன். அந்தப் பக்கத்தில் இருக்கவேண்டியது அதிகமில்லை.

அரிக்கும் திரவம் உடலில் பட்டால் முதல் மருந்து தண்ணீர், ஓடும் தண்ணீர். உடுப்பைக் கழற்றிக்கொண்டே கழுவவேண்டும். வெட்கத்துக்கு அது நேரமல்ல. தோலானால் குறைந்தது 15, 20 நிமிடம். கண்ணானால், முக்கியமாகக் காரம் பட்டால், 30 நிமிடமோ அதற்கு மேலோ, இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு. கழுவத் தொடங்கியதும் மற்றவர் 911ஐ அழைக்கவேண்டும். அமிலத்துக்கு அப்பச்சோடா, காரத்துக்கு வினாகிரி என்று தோலில் பூசி ஈடுசெய்யக்கூடாது. அந்தத் தாக்கம் வெப்பம் தரும், நேரமும் போகும். எண்ணெய் பூசக்கூடாது. விழுங்கியவரை வாந்தியெடுக்க வைக்கக்கூடாது. போகும்போது சுட்டது வரும்போதும் சுடும். புளோரைட்டு அமிலம் புழங்கும் இடமானால் கல்சியம் குளுக்கோனேற்று களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். அங்கே தண்ணீர் மட்டும் போதாது.

கலக்கும்போது அமிலத்தைத் தண்ணீருக்குள் ஊற்றவேண்டும், ஒருபோதும் தண்ணீரை அமிலத்துக்குள் அல்ல. அமிலத்தையும் காரத்தையும் ஒரே அலுமாரியில் வைக்கக்கூடாது. குடிநீர்ப் போத்தலில் எந்தத் திரவத்தையும் மாற்றி ஊற்றக்கூடாது. ஊற்றியவருக்குத் தெரியும், அடுத்த நேர வேலைக்காரருக்குத் தெரியாது. வெளியே சிந்திப் புகை வந்தால், காற்று எங்கிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக விலகி, பள்ளமான இடங்களைத் தவிர்க்கவேண்டும்.

மொன்றியலுக்கென்று இரண்டு வரி சேர்க்கலாம். பாதி நீரும் பாதி கோஸ்ரிக் சோடாவுமான கரைசல் ஏறக்குறைய 12 பாகையிலேயே உறையத் தொடங்கும். குளிர்காலத்தில் குழாய் அடைபட்டது என்று தட்டித் திறக்கப் போகிறவர் முகத்தில்தான் அது வெடித்துத் தெறிக்கும். அடுத்தது, அவசரத்தில் கண் கழுவும் குழாயின் தண்ணீர் மிதமான சூட்டில் வரவேண்டும். ஜனவரி மாதத்துக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் 15 நிமிடம் கண்ணைத் திறந்துவைத்திருக்க மனிதனால் முடியாது. வேலைக்குச் சேரும் முதல் நாள் அந்தக் குழாயைத் திறந்து கைவைத்துப் பார்த்தால், அந்த இடத்தில் தொழிலாளியை எப்படி மதிக்கிறார்கள் என்றும் தெரிந்துவிடும்.

கடைசி வரி சட்டம் பற்றியது. ஆபத்து என்று நியாயமாக நம்பும் வேலையை மறுக்கும் உரிமை கியூபெக்கில் தொழிலாளிக்கு உண்டு. துறைமுகம் போன்ற கூட்டரசுத் தொழில்களிலும் உண்டு. இரண்டு கோப்பைகளிலும் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு உரிமைகூட வேண்டியதில்லை. அந்த அண்ணையின் மகள் இப்போது ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாளாம். அவளுக்குப் பிரெஞ்சும் ஆங்கிலமும் தண்ணீர் பட்ட பாடு. அந்தப் பக்கத்தைத் தமிழில் சரிபார்த்துத் தர அவளையே கேட்கலாம் என்று அண்ணை சொன்னார். தமிழ் வாசிப்பாளா என்று கேட்டேன். "நான் பக்கத்திலை இருந்து வாசிக்கிறன், அவள் பிழை சொல்லட்டும்" என்றார்.